ரிக்காவின் மேல்வரிசைப் பற்கள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் சயோ ஒட்டிய தாளில் ஆறு சட்டங்கள் இருந்தன. குழந்தையின் ஸ்பூனை யாரும் வாயில் வைக்கக் கூடாது. யாரும் ஊதி ஆற்றித் தரக் கூடாது. உதட்டில் முத்தம் கிடையாது. மீதி மூன்றும் இவற்றையே இன்னும் கோபமாகச் சொன்னவை. பெரியவர்களின் வாயிலிருக்கும் கிருமி பிள்ளையின் பல்லுக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சயோ சட்டமாக்கிக்கொண்டு வந்தாள். ஒரு புத்தாண்டு விருந்தில் அவளுடைய அப்பா பேத்திக்குச் சர்க்கரைவள்ளி மசியலைத் தான் சாப்பிட்ட குச்சியாலேயே எடுத்து நீட்டியபோது, எதிரிப் படை எல்லை தாண்டியதுபோல் மேசையே எழுந்து நின்றது.

பிப்ரவரியில் சயோ இறந்துபோனாள். தாள் அப்படியே இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு, சயோவின் அக்கா தொமொயே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"ஷூஜி, நீங்க நல்லவருதான். ஆனா நல்லவருக்கெல்லாம் பிள்ளை வளக்கத் தெரியணும்னு இல்லையே. ஜூன்ல ரிக்காவுக்கு மூணு வயசுப் பல் பரிசோதனை வருதில்ல? ஒரே ஒரு சொத்தை இருந்தாலும் அவளை நாகாவோகாவுக்கு, எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். நாலு அறை சும்மாதான் கெடக்கு."

ஷூஜி தலையாட்டினான். மனைவி போன பிறகு அவனுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது தலையாட்டுவது ஒன்றுதான். மகளை விட்டுக்கொடுக்கத் தலையாட்டியிருக்கிறோம் என்பது மறுநாள் காலை பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு வரவேற்பறையில் போர். முதலில் ரிக்கா தானே தேய்ப்பாள். அதாவது பிரஷ்ஷை மென்று தின்பாள். பிறகு அப்பா அவளை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தேய்த்து முடிக்க வேண்டும். கீழ்வரிசைக்கு அவள் வாயை அகலத் திறந்துகொண்டு கிடப்பாள். பிரஷ் மேல்வரிசை முன்பற்களுக்குப் போனதும் கத்துவாள், உதைப்பாள், கடைசியில் சிப்பியைப்போல மூடிக்கொள்வாள். ஷூஜி நகராட்சியில் வேலை பார்ப்பவன். முடியாததை மறுநாளைக்கு ஒத்திவைக்கும் முறை அவனுக்கு அத்துப்படி. மேல்வரிசை அப்படியே ஜூன் வரை ஒத்திவைக்கப்பட்டது.

பரிசோதனைக்கு முந்தைய நாள், தொலைக்காட்சியில் ஒரு கரடி வழுக்கி விழுந்ததற்கு ரிக்கா விழுந்து விழுந்து சிரித்தபோது அவன் பார்த்தான். மேலே, இடது முன்பல்லில், எள்ளளவு பழுப்பு.

"ரிக்கா, யாரோட ஸ்பூன்லயாவது சாப்பிட்டியா?"

"சொல்லமாட்டேன்."

"ஏன்மா?"

"சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

அவன் தொலைக்காட்சியை அணைத்தான். கரடி போன துக்கத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆஸ்பத்திரில, புட்டிங். அம்மாவுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய். அம்மா ஸ்பூன்ல. அப்பாகிட்ட சொன்னா அப்பா தாளைப் படிச்சுக் காட்டுவாராம்."

சட்டம் எழுதியவளே கடத்தல் செய்திருக்கிறாள், அதுவும் காவலுக்கு நின்றவனைக் கிண்டலடித்துக்கொண்டு. ஷூஜி சிரித்தான். அப்புறம் முகம் கழுவப் போனவன் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தொமொயே முதல் ரயிலிலேயே வந்து இறங்கிவிட்டாள். சுகாதார நிலையத்துக்குள்ளே மாற்றிப் போட்டுக்கொள்ளத் தன் சொந்தச் செருப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அங்கே தரும் பொதுச் செருப்பில் என்னென்ன கிருமியோ. நெற்றியில் விளக்குக் கட்டிய இளம் மருத்துவர் ரிக்காவின் வாய்க்குள் பார்த்து, ஏலம் விடுபவரைப்போல ஒவ்வொரு பல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். "மேல் இடது முன்பல், சொத்தை, ஆரம்ப நிலை." பக்கத்திலிருந்த உதவியாளர் அம்மாள் படிவத்தில் வட்டம் போட்டாள். சொத்தை இல்லாத பிள்ளைகளுக்கு அட்டைப் பதக்கம் தந்தார்கள். ரிக்காவுக்கு ஒரு பிரசுரம் கிடைத்தது.

"யாரோட ஸ்பூன்?" என்றாள் தொமொயே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உண்மையைச் சொன்னால் அவன் தப்பித்துக்கொள்ளலாம். சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான்.

"என்னோடதுதான்க்கா. கறிச்சோறு சாப்பிடறப்ப. ரெண்டு மூணு தடவை."

"ரெண்டா, மூணா?"

"எண்ணலைக்கா. இனிமே எண்ணி வெக்கறேன்."

ரிக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மேல்வரிசை தேய்க்கும்போது ஒருநாளும் திறக்காத வாய். அவன் சட்டென்று அவளைத் தூக்கி அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டான்.

"ஸ்பூன் கெடக்கட்டும்ங்க," என்றாள் உதவியாளர் அம்மாள். "வெள்ளிக் கிண்ணத்துல தனியா ஊட்டி வளத்தாலும் தேய்க்கலேன்னா சொத்தைதான். மேல்வரிசைய யாரு தேய்க்கறது?"

"நான்தான்."

"யாருமே தேய்ச்ச மாதிரி தெரியலையே?"

"வாயைத் திறக்கமாட்டேங்கறா."

"சரி, இங்க படுங்க."

"நானா?"

"பின்ன, டாக்டரா?"

வரிசையில் நின்ற பதினைந்து தாய்மார்கள் பார்த்திருக்க, டை கட்டிய ஷூஜி பாயில் மல்லாந்து படுத்தான். அம்மாள் அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். பிப்ரவரிக்குப் பிறகு தன் முகத்தை யாரும் தொடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. நினைவு வருவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. அம்மாள் ஒரு புதுப் பிரஷ்ஷை மேலுதட்டுக்கு அடியில் விட்டுத் தேய்த்தாள். உதட்டையும் ஈறையும் நடுவில் சேர்த்திருக்கும் நூல்போன்ற சதையில் பிரஷ் இடித்தது. அவன் துள்ளினான்.

"வலிக்குதா?"

"ம்ம்."

"தினம் அவளுக்கும் இதேதான். இப்பப் பாருங்க." ஆள்காட்டி விரலை அந்தச் சதையின்மேல் படுக்க வைத்துக்கொண்டு தேய்த்தாள். வலியே இல்லை. "இவ்வளவுதான். பிள்ளை அடம்பிடிக்கல. நீங்கதான் குத்தியிருக்கீங்க."

வாகன நிறுத்தத்துக்கு வந்ததும், தொமொயே வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, ரிக்காவை அனுப்பமாட்டேன். அன்னிக்குத் தலையாட்டினது தப்பு. இன்னும் நாலு பல்லு சொத்தையானாலும் அனுப்பமாட்டேன்."

தொமொயே கைப்பைக்குள் எதையோ தேடினாள். கிடைத்த பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல," என்றாள். "வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு சயோவுக்குப் புட்டிங் வாங்கிட்டுப் போனது நான்தான். கடையில ரெண்டு ஸ்பூன் தருவான். ஒண்ணு போதும், ஒண்ணைக் குப்பையில போடும்பா. எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் போட்டேன். இவளுக்குப் பல்லு போச்சுன்னா அது என்னால போனது, நானே கூட வெச்சுப் பாத்துக்கணும்னு ஜூன் எப்ப வரும் எப்ப வரும்னு இருந்தேன்."

ஷூஜி பழக்கதோஷத்தில் தலையாட்டினான்.

"திரும்பவும் தலையாட்டாதீங்க," என்றாள் அவள். "எதுக்குன்னு தெரிஞ்சு ஆட்டுங்க."

நான்கு மணி ரயிலில் அவள் தனியாகத்தான் போனாள்.

ஏழு மணிக்கு ரிக்கா மடியில் படுத்தாள். கீழ்வரிசை முடிந்தது. ஷூஜி அவள் மேலுதட்டை மெல்லத் தூக்கி உள்ளே விரலை வைத்தான். அவள் நறுக்கென்று கடித்தாள். அவன் எடுக்கவில்லை. கொஞ்சநேரம் இருவரும் ஒருவரை ஒருவர் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, யோசித்து, அவள் வாயைத் திறந்தாள்.