வீட்டில் யாரும் படுக்கையில் இல்லை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. பேனாவிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் சில கதைகள் எழுதியிருக்கிறேன், அவை அச்சிலும் வந்திருக்கின்றன. எதிலும் என் வீட்டார் வந்ததில்லை. வீட்டு விஷயத்தை எழுதுவது, வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போவதைப் போன்றது. ஆகவே இந்தக் கதையையும் மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘டாக்டரம்மா காரிலிருந்து இறங்கியதும் காவலாளி எழுந்து நின்றான்.’ அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸாக அவள் பொறுப்பேற்ற’

மூன்றாவது: ‘நர்ஸ் வேலை என்பது ஒரு சேவை.’ இதில் கதையே இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி இறங்கிவந்து, கடைசியில் உள்ளதில் வந்து நிற்கிறேன். என் மருமகளை ஓர் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, அசுத்தம் துடைப்பது. அதுதான் வேலை.

(எழுதிவிட்டேன். கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.)

2

கதைக்கு வேண்டிய அளவு குடும்ப விவரம் தருகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பின்கட்டு அறையில் இரும்புக் கட்டிலில் இருக்கிறாள். பேச்சு தெளிவு. வலது கையில் ஒரு ஸ்பூன் வைத்திருப்பாள். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். மருமகள் போவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் தோல் புண்ணாகிவிடும் என்பார்கள். ‘என்பார்கள்’ என்று எழுதுகிறேன். அந்த அறையில் அது நடக்கும்போது கதவு சாத்தியிருக்கும். நான் பார்த்ததில்லை.

உறவினர் கேட்டால், “நல்லா இருக்கா, ஓய்வுல இருக்கா” என்பேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

(மகனைப் பற்றிய குறிப்பு: வெளிநாட்டில் இருக்கிறான். வேலை அதிகம். இந்தக் குறிப்பு இத்துடன் முடிகிறது.)

மருமகள் வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் கேட்ட ஒரே கேள்வி, “நம்ம வீட்டுல உனக்கு என்ன குறை?”

“குறை இல்ல மாமா. அவர் திரும்பி வரமாட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு?”

பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை நான் மரியாதைக் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வேன். அன்றும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

3

நேர்காணலை ‘பெரியவர்’ என்று படர்க்கையில் எழுதுகிறேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல வசதியாக இருக்கிறது.

பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையுடன் மருமகளுக்குத் துணையாகப் போனார். வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. தலைமை நர்ஸ் தடித்த கண்ணாடி போட்ட, சத்தம் போடாமல் பேசுகிற அம்மாள்.

“முன்ன செஞ்ச அனுபவம் இருக்கா?”

“இருக்கு சிஸ்டர்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

மருமகள் வாயைத் திறப்பதற்குள் தலைமை நர்ஸே தொடர்ந்தார். “வீட்டுல பாத்த அனுபவம்னாலும் சரிதான். யாராச்சும் படுக்கையில இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க. அப்படிப்பட்டவங்களுக்கு அரை நாள் முறை கொடுக்கிறோம். மத்தவங்களுக்கு முழு நாள்.”

அறையில் வேறு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். கதவருகே கூட்டித் துடைப்பவர் ஒருவர். அத்தனை பேர் முன்னால் ஒரு வீட்டின் பின்கட்டுக் கதவு திறக்கப்போகிறது என்று பெரியவருக்குப் பட்டது.

“எங்க வீட்டுல யாரும் படுக்கையில இல்லம்மா” என்றேன்.

(‘என்றார்’ என்று எழுத வேண்டும். திருத்தவில்லை.)

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வெளியார் முன்னால் மாமனார் பேச்சை மறுக்கும் பெண் அல்ல அவள். அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தது எங்கள் வீடு.

“சரி, செஞ்சு காட்டுங்க” என்று தலைமை நர்ஸ் எங்களை வார்டுக்கு அழைத்துப் போனார். கனத்த உடம்புள்ள ஒரு கிழவர் படுத்திருந்தார். அவர் படுத்திருக்கும்போதே அவருக்குக் கீழே உள்ள விரிப்பை மாற்ற வேண்டும். அதுதான் சோதனை. முதலில் போன பெண் அவரைத் தூக்கப் பார்த்தாள். “ஏம்மா, நான் என்ன அரிசி மூட்டையா?” என்றார் கிழவர்.

என் மருமகள் தூக்கவில்லை. முதலில் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். “ஐயா, சுவரைப் பாத்துத் திருப்பப் போறேன், சரிங்களா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் தொட்டாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அவரை ஒருக்களித்து, பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டிவைத்தாள். காலியான பாதியில் புதியதை விரித்தாள். அந்தச் சுருளின் மேலேயே அவரை மெல்ல இந்தப் பக்கம் உருட்டி, மறுபுறம் போய்ப் பழையதை உருவிப் புதியதை இழுத்துவிட்டாள். அவர் மேல் போர்த்தியிருந்த துணி ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

“இந்தப் பொண்ணையே இங்க போட்டுடுங்க” என்றார் கிழவர்.

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார். “வீட்டுல யாரும் படுக்கையில இல்லன்னு சொல்றீங்க பெரியவரே. இந்தக் கை வேற சொல்லுதே.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி. முழு நாள். அடுத்த வாரத்துக்குள்ள மாத்தணும்னா வந்து சொல்லுங்க. அதுக்கு மேல மாத்த முடியாது.”

4

திரும்பிவரும் வழியில் பேருந்தில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் முன்னால். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

“அரை நாள் முறை இருக்குன்னு விசாரிச்சுட்டுத்தான் மாமா அங்க வேலை கேட்டேன். காலையில போயிட்டு மத்தியானம் வந்துடலாம்னு நானும் அத்தையும் பேசி வெச்சிருந்தோம்.”

“அப்ப நீயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆயிடும்.” செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாள். “இப்பவும் நான் சொல்ல மாட்டேன். நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

(இந்த இடத்தில் நான் ஏதோ கம்பீரமாகப் பதில் சொன்னதாக ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன்.)

கூலிக்கு ஓர் ஆளை வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெளியாள் ஒருத்தி தினம் அந்த அறைக்குள் போய்வந்து, தெருவில் நின்று என் மனைவியின் உடம்பைப் பற்றிப் பேசுவாள். அதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை

5

இப்போது தட்டுகிறாள். மேலே வாக்கியம் பாதியில் நிற்பதற்கு அதுதான் காரணம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், முன்பும் நடந்ததுதான். மருமகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. ஸ்பூன் சத்தம் கேட்கும். நான் கதவைத் தள்ளுவேன். என்னைப் பார்த்ததும் அவள் வலது கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாள்.

“என்ன வேணும்?”

“ஒண்ணுமில்லீங்க. கை தவறிப் பட்டுடுச்சு.”

அறையில் அடிக்கும் வாடை எனக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. நேற்று நான் போர்வையின் நுனியைப் பிடித்தேன். அவள் விடவில்லை. அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“வேண்டாங்க. இது உங்க வேலை இல்ல. அவ வரட்டும்.”

இது உங்க வேலை இல்ல. இத்தனை வருடமும் அடுக்களையில், துணி துவைக்கும் கல்லருகில், பிள்ளை பெற்ற அறையில் அவள் என்னிடம் சொல்லிவந்த அதே சொல். நான் அதை எனக்குத் தரும் மரியாதை என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றும் அவள் அந்த மரியாதையைத்தான் தருகிறாள். ஈரத்தில் படுத்துக்கொண்டு தருகிறாள்.

தம்பி தொலைபேசியில் கேட்டான். “அண்ணே, மருமக நர்ஸாயிட்டாளாமே. பரவாயில்லையே. அண்ணி எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா. ஓய்வுல இருக்கா.”

“உனக்கென்ன அண்ணே, இனிமே ஊசி போட வெளிய போகவேண்டாம்.”

சிரித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் மருமகள் வந்தாள். கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்ச் சத்தம், பிறகு வெகுநேரம் சத்தமில்லை. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தபடி சொன்னாள். “இடுப்பெலும்புகிட்ட செவந்துபோச்சு மாமா. அழுத்தினா வெளுக்கல, புண்ணு ஆரம்பிச்சிடுச்சு. அங்க ஒரு வார்டையே திருப்பிப் போட்டுட்டு வரேன். இங்க ஒருத்தங்கள…”

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

முடிவுகள்.

ஒன்று. பெரியவர் தானே கற்றுக்கொள்கிறார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “திருப்பப் போறேன், சரியா?” என்று கேட்கிறார். மனைவி போர்வையை விடுகிறாள். படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அவள் விடமாட்டாள். இதை என்னைவிட யார் அறிவார்?

இரண்டு. மருமகள் வேலையை விட்டுவிடுகிறாள். எல்லாம் பழையபடி ஆகிறது. உண்மையைச் சொல்கிறேன், இந்த முடிவுக்காக நான் உள்ளுக்குள் காத்திருக்கிறேன். அவளும் அதை அறிவாள். ஆனால் வேலைக்குப் போடும் வெளிர்நீலச் சட்டையைத் தினமும் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறாள்.

மூன்று. சிவப்பு கறுப்பாகிறது. பிறகு. இதை எழுத மாட்டேன்.

நான்கு. தலைமை நர்ஸ் கெடு வைத்த வாரம் இன்னும் முடியவில்லை. பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தலைமை நர்ஸ் நிமிர்கிறார். அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். பெரியவர் சொல்கிறார்: “சிஸ்டர், எங்க வீட்டுல என் மனைவி”

மறுபடியும்.

“சிஸ்டர், அன்னைக்கு நான் சொன்னது”

மறுபடியும்.

“எங்க வீட்டுல”

எழுத்திலும் வரவில்லை.

ஸ்பூன் சத்தம் மறுபடியும் தொடங்கியிருந்தது. நீங்கள் படித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. இப்போது நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் வேறொன்றுதான் நடந்திருக்கிறது. வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

என் சட்டை ஆணியில் தொங்குகிறது. இஸ்திரி போட்டதுதான். பேருந்தும் உண்டு.

‘எங்க வீட்டுல என் மனைவி’ என்பதற்குப் பிறகு இரண்டே சொற்கள்தான் மிச்சம். நீங்கள் வெளியார், உங்களுக்கு வாய் கூசாது. சொல்லிப் பாருங்கள். பின்கட்டு அறைக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக.