கந்தப்பன் வீட்டில் எழுந்து நின்ற தண்ணீர்

அன்னூருக்குப் பக்கத்தில் கந்தப்பன் வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டபோது தண்ணீர் வெளியே வழியவில்லை. பீங்கானுக்கு மேல் முழங்கால் உயரம் எழும்பி, தூண் மாதிரி நின்றுகொண்டது. மகள் லோகப்பிரியாவின் நிச்சயத்துக்குச் சத்தியமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். மறுநாள் தூண் இடுப்பளவானது. பிறகு ஓடு ஒன்றைக்கூடப் பெயர்க்காமல் கூரையைக் கடந்து வெளியே தலை நீட்டியது. நாற்றம் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிட்டது. வெளியே சோளத்தட்டு வாசம் அடித்தது. உள்ளே வீட்டார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கோயமுத்தூரிலிருந்து செப்டிக் டேங்க் லாரி வந்தது. ஓட்டுநர் ரைஹான் குழாயை விட்டதும் தூண் அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. எடுத்ததும் பழையபடி சேர்ந்துகொண்டது. "இது மிசினுக்கு மசியாதுங்க, ஆள் கையைத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஆள் கை என்றதும் அந்த வீட்டில் யாரும் தங்கள் கையைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் சின்னான் ஞாபகம்தான் வந்தது.

சின்னான் காலனியில் இருந்தார். பல வருஷம் அந்த வீட்டுக்குப் பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகவே போனவர். மகன் ஜெரோம் காந்திபுரத்தில் ஏதோ ஒரு லாட்ஜின் மலத்தொட்டிக்குள் இறங்கி ஏறாமல் போன பிறகு, இனி அந்த வேலைக்குப் போவதில்லை என்று மகள் செவ்வந்திக்குச் சத்தியம் செய்திருந்தார். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு அவர் கால்கள் தாமாகவே எழுந்துவிடும். அதற்குப் பயந்துதான் செவ்வந்தி தன் செல்போன் சர்வீஸ் கடையை வீட்டு வாசலிலேயே வைத்திருந்தாள்.

கந்தப்பனின் மகன் அருள்குமார் பைக்கிலிருந்து இறங்காமலேயே கூப்பிட்டான். "சின்னா, அப்பா வரச் சொன்னாரு."

"அவருக்கு உங்க அப்பா வயசுங்க. வரமாட்டாருங்க" என்றாள் செவ்வந்தி, கையிலிருந்த போனை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"ஏன் அம்மணி, கை தேஞ்சு போயிருமா?"

"உங்களுக்கும் ரெண்டு இருக்குதுங்களே. ஜிம்முக்குப் போய் நல்லாத்தான வளத்து வெச்சிருக்கறீங்க."

அதற்குள் சின்னானின் கால்கள் எழுந்து வாசல்வரை வந்துவிட்டன. அவர் இரண்டு கையாலும் தொடைகளை அழுத்திப் பிடித்துப் படியில் உட்கார்ந்தார். அந்த வீட்டு ஆண்களை, தொட்டில் குழந்தை உட்பட, சாமி என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. "நா வர்ல தம்பி" என்றார். "கையுறை கடைல விக்கிது." தம்பி என்ற சொல் பட்டதும் பைக் அணைந்துபோனது. அருள்குமார் அதை வீடுவரை தள்ளிக்கொண்டு போனான்.

கந்தப்பன் தன் சோளக்காட்டு வழியாகக் காலனிக்குப் போகும் தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். காலனி ஜனங்கள் குளத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் போனார்கள். ஒருவரும் கெஞ்சப் போகவில்லை. வெட்டிப் போட்ட ஒவ்வொரு முள்ளுக்கும் தூண் ஓர் ஆள் உயரம் வளர்ந்தது. டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் அதைப் பார்த்து இறங்கும் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

நிச்சயத்தன்று காலையில் கந்தப்பனின் மனைவி பழனாத்தாள், தோள்வரை வரும் கையுறை ஒன்றை அவர் முன் வைத்தாள். "அவிய வரமாட்டாங்க. நானும் மாட்டேன். மாப்பிள்ள ஊட்டுக் காரு புளியம்பட்டி தாண்டிருச்சு. ஏனுங்க, எந்திரிங்க." கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். கை எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூண் இறங்கியது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். அவர் கையோடு வந்தது, தரை துடைத்த அவருடைய பழைய வேட்டிக் கிழிசல்தான்.

அதிலிருந்து அந்தப் பக்கம் யார் வீட்டில் அடைத்தாலும் தண்ணீர் எழுந்து நிற்கிறது, அந்த வீட்டார் கைக்கு மட்டும் இறங்குகிறது. காலனியிலும் அப்படித்தான், செவ்வந்தி தன் வீட்டுத் தூணைத் தானே இறக்கினாள். தடத்து முள்ளைக் காலனிக்காரர்கள் பட்டப்பகலில் எடுத்துப்போய் அடுப்பெரித்தார்கள். கந்தப்பன் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆடி மாதம் அவர் வீட்டுத் தூண் மறுபடியும் கூரைக்கு மேல் தெரிந்தபோது, சின்னான் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, சர்க்கரை கம்மியாக இன்னொரு டீ சொன்னார்.