முப்பத்தோராவது குண்டு

அந்த நடிகரின் உடம்பில் முப்பது துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. முப்பதும் வெறும் சத்தம் மட்டும் போடும் படப்பிடிப்புத் துப்பாக்கிகளிலிருந்து வந்தவை. நெஞ்சுச் சளிக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. டாக்டர் எண்ணிப் பார்த்தார், வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் சளிக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார். நடிகருடைய இனத்தார் அந்த நாட்டில் நூற்றுக்கு நாலு பேர். திரையில் வெடி வைப்பவர்களில் மட்டும் நூற்றுக்கு நூறு. இருபது வருடமாக ஒரே ஒட்டுத்தாடியோடு விமான நிலையத்திலும் கிடங்கிலும் மொட்டை மாடியிலும் செத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதுபோல் ஒரு காட்சிகூட அமையவில்லை.

இயக்குநர் ஒருநாள் வீட்டுக்கே வந்து அவருடைய ஒன்பது வயது மகளின் கன்னத்தைத் தட்டினார். "அப்பா மூஞ்சி அப்படியே இருக்கு. இடுப்புல வெடி கட்டிக்கிட்டு ஓடி வரணும், ஹீரோ சுடுவாரு, அவ்வளவுதான்." அவள் குதித்தாள். நடிகர் முடியாது என்றார். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. கூடத்தில் ஓடி ஓடி விழுந்து பழகினாள். "உங்களவிட நல்லா விழறேன், பாருங்கப்பா." எக்ஸ்ரேயைக் காட்டினார். "கிராபிக்ஸ்தானே?" என்றாள். குண்டு தன்னை மட்டும்தான் தேடி வருகிறது என்று அவருக்கு ஒரு நப்பாசை. மூன்றாம் நாள் தலையாட்டினார். மனைவி அவரோடு பேச்சை நிறுத்தினாள்.

படப்பிடிப்பில் ஹீரோவின் துப்பாக்கி மகள் பக்கம் திரும்பியபோது முப்பது குண்டுகளும் முதல் தடவையாக வலித்தன. சத்தம் கேட்ட நேரத்தில் அவர் அவளுக்கு முன்னால் நின்றார். இடது தோளில் ஒன்று புகுந்தது. ரத்தம் இல்லை.

"யோவ், உன்னை யாருய்யா உள்ள வரச் சொன்னது? வந்ததுதான் வந்த, விழவாவது செய்!" என்று இயக்குநர் கத்தினார்.

அவர் விழவில்லை. மகள் சட்டையிலிருந்த ஓட்டையை விரலால் தொட்டாள். உள்ளே சூடாக ஏதோ தட்டுப்பட்டது. "வீட்டுக்குப் போலாம்ப்பா," என்றாள்.

அதன்பின் பதினான்கு வருடம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். மகள் நடிப்பை விடவில்லை. சாகச் சொன்ன வேடங்களையும் சாகடிக்கச் சொன்ன வேடங்களையும் மறுத்து மறுத்து, கடைசியில் ஒரு தொடரில் பல் டாக்டரானாள்.

முதல் நாள் பார்க்க அவரும் மனைவியும் போனார்கள். ஸ்டூடியோ வாசலில் சோதனைக் கருவி அலறியது.

"உள்ள என்ன சார் வச்சிருக்கீங்க?" என்றான் காவலாளி.

"குண்டு."

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். காவலாளியின் கை இடுப்புக்குப் போனது. அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கை மெல்ல இறங்கியது.

"ஏர்போர்ட் படத்துல செத்தது நீங்கதானே? அதையெல்லாம் இன்னுமா எடுக்கல?"

"வலிக்கல தம்பி. அப்படியே விட்டாச்சு."

"மழைக்காலத்துல உள்ளுக்குள்ள குடையும் சார், பாத்துக்குங்க," என்று தன் விலாவைத் தடவிக்கொண்டே சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டான்.