பிரிக்காத டப்பா

ஜேடர்பாளையம் வாய்க்கால் பங்களாவின் சமையல்காரன் தீர்த்தகிரிக்கு அன்று சாயங்காலம் பாசன அதிகாரியான வெள்ளைக்காரத் துரை கொடுத்தது ஒரு சீஸ் டப்பாவும் கால் மணி நேரமும். பிஸ்கட்டைத் தொட்டுத் தின்பதற்குச் சீஸை உருக்கி, குழைவாக ஒரு கிண்ணம் செய்ய வேண்டும். விருந்தாளி நாச்சிமுத்துக் கவுண்டர். கடைமடையில் அவருடைய வெற்றிலைக் கொடிக்காலும் ஊரார் கொடிக்காலும் தண்ணீரில்லாமல் சுருண்டுகொண்டிருந்தன. மடைச்சாவி துரையிடம். தன்னோடு ஒரே கிண்ணத்தில் தின்னாதவன் பேச்சைத் துரை காதில் வாங்குவதில்லை. சந்தையில் மாட்டுத் தரகன் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவான். துரை கிண்ணத்துக்குள் விரலைப் பிடித்துப் பேசினார்.

தீர்த்தகிரியின் அக்காள் பொன்னாயி கவுண்டர் கொடிக்காலில் இருபது வருஷமாக வெற்றிலை கிள்ளுகிறவள். கொடி செத்தால் அவள் அடுப்பும் அணைந்தது.

கவுண்டர் பின்வாசலில் வந்து நின்றார்.

"ஏண்டா தீர்த்தகிரி, அந்த டப்பாவுக்குள்ள என்னதான்டா இருக்குது?"

"அது வந்துங்க..."

"வேண்டாம், சொல்லாதே. தெரிஞ்சா எறங்காது. துரை எச்சப் பண்ணுனதுல கை வெக்கோணுமா, அத மட்டும் சொல்லு."

"மொதக் கை விருந்தாளிதுங்க. ஒருக்காத் தொட்டுப்போட்டு, வயிறு செரியில்லீன்னு சொல்லிப்போடுங்க."

"அது பொய்யில்லடா. நாலு நாளாவே செரியில்ல."

சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றுச் சாறு என்று பழைய துரைசாணி சொல்லித் தீர்த்தகிரிக்குத் தெரியும். டப்பாவைப் பார்த்தான். அடுப்பில் பொங்கிய எருமைப்பாலைப் பார்த்தான். டப்பாவை மாவுப் பானைக்குள் புதைத்தான்.

பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தான். துணியில் முறுக்கிப் பிழிந்து, அம்மியில் மைபோல் அரைத்தான். கரி அடுப்பில் அதோடு வெண்ணெய், உப்பு, மிளகு, கடுகுத்தூள் சேர்த்து, சூடான பாலைச் சிறுகச் சிறுக விட்டுக் கிண்டினான். டப்பாச் சரக்கின் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். பதினைந்து நிமிஷத்தில் கரண்டியிலிருந்து பட்டுபோல் வழிந்தது.

கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தொட்டுத் தின்றார். மிச்சத்தைத் துரை வழித்துத் தின்றுவிட்டு, "நல்ல டப்பா" என்றார். மறுநாள் காலையில் மடை திறந்தது. ஏழு நாள் தண்ணீர்.

மூன்றாம் நாள் பங்களாக் காவல்காரன் செங்கோடன் கள்ளுக்கடையில் கன்றுக்குட்டி வயிற்றுக் கதையை அவிழ்த்துவிட்டான். எப்போதோ தீர்த்தகிரியே பெருமைக்கு அவனிடம் சொன்ன கதைதான். பொழுது சாய்வதற்குள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. கவுண்டர் மகள் வசந்தாமணிக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தள்ளி நின்றார்கள்.

"டப்பாச் சரக்குத்தானாடா?" என்றார் பங்காளி ஒருவர்.

எருமைப்பால் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்தது. ஆனால் செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அது துரைக்குப் போய்விடும். தை மாதம் ஒரே ஒரு பொய்க்காக இரண்டு ஊர் மடையைப் பூட்டியவர் துரை. பாதிக் கொடிக்கால் இன்னும் நனையவில்லை.

"டப்பாதானுங்க. கவுண்டருக்குத் தெரியாதுங்க. நாந்தான் வெறும் பாலுன்னு சொல்லிக் குடுத்தேன்."

அன்று சொல்லாதே என்று அவன் வாயை அடைத்த கவுண்டர் தலை நிமிரவில்லை.

பசு வயிற்றுத் தீட்டுக்குப் பசுஞ்சாணமும் கோமியமும் கலந்து குடித்துக் கவுண்டர் சுத்தமானார். தீர்த்தகிரியும் அவன் வகையறாவும் இனி ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. வகையறா என்றால் பொன்னாயி ஒருத்திதான். பங்களாவும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

தீர்த்தகிரி பங்களாவில் தன் துணி மூட்டையையும் மாவுப் பானைக்குள் இருந்ததையும் எடுத்துக்கொண்டான். இருவரும் வாய்க்கால் கரையிலேயே நடந்தார்கள். கூடவே தண்ணீர் கரை முட்ட ஓடியது. நடந்ததையெல்லாம் அவன் சொல்லி முடித்தான்.

"எருமப்பாலுன்னு சொல்லிருக்கலாமில்ல?"

"மடையப் பூட்டிருப்பான் அக்கா. கொடி பூராக் காஞ்சிருக்கும்."

"காயட்டுமே. இனி அது ஆருது, என்றதா?"

அவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான். இரண்டு நாளாக எந்த ஊரிலும் வேலை கிடைக்கவில்லை. சேதி அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. நாமக்கல் பாதையில் ஒரு பாறை நிழலில் பொன்னாயி அவன் மூட்டையை அவிழ்த்து டப்பாவை எடுத்தாள். அரிவாள் முனையால் குத்திப் பிளந்து, மோந்து பார்த்தாள்.

"நெசமாலுமே கன்னுக்குட்டி வயிறாடா?"

"ஆமாக்கா."

ஒரு கட்டியைப் பெயர்த்து அவனிடம் நீட்டினாள். அடுத்த கட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.