இரண்டு தட்டு, ஒரு தட்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஊமைச் சாமியார்களாக வந்த விற்பனைப் பிரதிநிதிகளையெல்லாம் பொழிந்து தள்ள வைத்த மாபெரும் பேச்சுப் பயிற்சியாளர், இன்று காலை, சரித்திரத்தில் முதன்முறையாக, தம் சொந்த மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்.

மகளுக்கு இரண்டரை வயது. செல்லப்பெயர் மிளகு. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "தரையில உக்காந்து விளையாடுங்க. நீங்க ஒண்ணு செஞ்சிட்டு, அவ என்ன செய்யறான்னு காத்திருங்க" என்றும் சொன்னார். காத்திருப்பது அப்பாவின் பாடத்திட்டத்தில் இல்லை. படம் போட்ட அட்டைகளை வாங்கிவந்து, மகள் முன்னால் நின்றபடி வகுப்பெடுத்தார். அம்மாவோ அலமாரிக் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். உள்ளே ஒளிந்திருக்கும் மிளகு பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவாள். "வீட்டுல யாரு?" என்றதும் கதவைத் திறந்துகொண்டு சிரிப்பாள்.

"இதென்ன, மரங்கொத்தி பாஷையா?" என்று அப்பா கிண்டலடிப்பார்.

அவர் போனில் யாருக்கோ தன்னம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்தபோது மிளகு உள்ளே போய்விட்ட குளியலறையின் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்து குழாய் திறக்கும் சத்தம். மகளைக் குளிப்பாட்ட அவரே பாதி நிரப்பி வைத்த தொட்டி உள்ளே இருந்தது.

"மிளகு! தாழ்ப்பாளை இழு! அப்பா சொல்றது கேக்குதா? கேட்டா கேக்குதுன்னு சொல்லு!"

சொல்லத்தான் அவளுக்குத் தெரியாது என்பது கத்தி முடித்த பிறகே உறைத்தது. தோளால் இடித்தார். தோள் வலித்தது, கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவுக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் கால்விரல்களை நனைத்தது.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் பல் மருத்துவரின் உதவியாளர். பகலெல்லாம் பிறரை வாயைத் திறக்கச் சொல்பவள்.

"முதல்ல வாயை மூடுங்க" என்றாள். "கத்தினா அவ பயந்து ஒடுங்கிடுவா. ரெண்டு தட்டு தட்டிட்டு சும்மா இருங்க. நான் கிளம்பிட்டேன்."

தட்டினார். "தட்டிட்டேன் கண்ணு, இப்ப நீ என்ன பண்ணணும்னா..."

"சும்மா இருங்கன்னேன்!"

மறுபடி தட்டினார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறு சத்தம் இல்லை. அவளுக்குக் கடைசிவரை பேச்சே வராதோ என்று இத்தனை நாள் தம் பேச்சாலேயே விரட்டி வந்த பயம், அந்த அமைதியில் வந்து பக்கத்தில் நின்றது. மூச்சாவது வருகிறதா என்று இன்னொரு பயம் அதன் தோளில் கை போட்டுக்கொண்டது.

டக்.

ஒரே ஒரு தட்டு. கதவின் அடிப்பாகத்தில்.

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். "வீட்டுல யாரு?" குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அதுவே போதுமாக இருந்தது. தாழ்ப்பாள் கரகரத்து நகர்ந்தது.

சொட்டச் சொட்ட மிளகு நின்றாள். அப்பாவை இவ்வளவு கீழே அவள் பார்த்ததேயில்லை. சிரித்தாள்.

"மறுபடி" என்றாள்.

முதல் வார்த்தை! அப்பா போனை உயர்த்தி, இந்தச் சரித்திர நிகழ்வை உலகுக்கு அறிவிக்க வாயைத் திறந்தார்.

மிளகு கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள்.