பூஜ்ஜியத்துக்குக் கீழே

"தண்ணி வேண்டாம்" என்று பெரியப்பா சொன்னபோதே உசோமாவுக்குப் புரிந்துவிட்டது.

காலையில் கிளம்பிப் போய், அவள் கட்டிக்கொள்ள விரும்பிய லோட்டன்னாவின் ஊரில் அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பியிருந்தார் ஓபியோரா பெரியப்பா. டிசம்பர் மாதத்துச் செம்மண் புழுதி அவர் புருவம் வரை படிந்திருந்தது. வருகிறவர்களை வரவேற்கும் முறைப்படி அப்பா நீட்டிய கோலாக் கொட்டைத் தட்டை அவர் தொடவில்லை.

"முதல்ல பேச்சு முடியட்டும். கோலாவை அப்புறம் உடைக்கலாம்."

கூடத்தில் பங்காளிகள் பதினான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு லாகோஸிலிருந்தும் அபுஜாவிலிருந்தும் வந்திருந்தவர்கள், அப்பா, பெரியப்பா எல்லாரும் சேர்ந்த கணக்கு. பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். பங்காளிக் கூட்டத்தில் பெண்களுக்கு நாற்காலி போடும் வழக்கமில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள வாசற்படியில் உசோமா நின்றுகொண்டிருந்தாள். நின்றாள் என்பதுகூடச் சரியில்லை, இரண்டு எட்டு உள்ளே, இரண்டு எட்டு வெளியே. அவள் கைக்குள் ஒரு லூடோ பகடை உருண்டுகொண்டே இருந்தது.

"பையன் தங்கமான பையன்" என்றார் பெரியப்பா. "வாத்தியார் வேலை. குடி கிடையாது. அவங்கப்பாவும் மரியாதையான மனுஷன். ஆனா அந்த வீடு நமக்கு ஆகாது."

"ஏண்ணே?" என்றார் அப்பா.

"நாலு தலைமுறைக்கு முன்னால அந்த ஊர் தெய்வத்துக்கு நேர்ந்து விட்ட ஆளோட வம்சம். ஓசு. யாரும் பொண்ணு குடுத்து எடுக்காத வீடு. இதுக்கு மேல என் வாயைக் கிளறாத, காட்ஃப்ரே."

சமையலறையில் உலக்கைச் சத்தம் நின்றது.

இது உசோமாவுக்குப் புதிய செய்தி அல்ல. புள்ளியியல் முதுகலைப் படிப்பில் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வே இதுதான். பக்கத்து மாவட்டத்தில் நாற்பது கிராமங்கள், அறுநூறு வீடுகள், ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் ஓசு சம்பந்தம் என்றால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? நேராகக் கேட்டால் யாரும் நெஞ்சைத் திறந்து சொல்லமாட்டார்கள். அதனால்தான் பகடை. தனியாக உள்ளே போய் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால், மனதில் என்ன இருந்தாலும் 'உண்டு' என்று எழுத வேண்டும். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். சீட்டில் 'உண்டு' என்று இருந்தால் அது மனிதன் சொன்னதா, பகடை சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. ஆளைக் காட்டிக்கொடுக்காது, ஆனால் மொத்தக் கணக்கைக் காட்டிவிடும்.

அந்த நாற்பது கிராமங்களுக்கும் அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனவன்தான் லோட்டன்னா. முதல் நாள் அவனிடமே பகடையை நீட்டி விளக்கினாள். அவன் சிரித்தான். "எனக்கெதுக்குங்க பகடை? நான் ஓசு வீட்டுப் பையன்தான்." வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ காலணி அளவு சொல்கிறவன் மாதிரி சொன்னான். அன்று மாலை திரும்பி வரும்போது அவன் சட்டையைப் பிடித்துக்கொள்ள அவளுக்குத் தயக்கமாக இல்லை.

கணக்கு முடிந்தபோது, ஆட்சேபணை உள்ளவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் என்று வந்தது. வழிகாட்டி டாக்டர் அனிக்போ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "அப்படியானால் தடுப்பது யார்? தரவைச் சரிபார்." திங்கட்கிழமை பதிலோடு போக வேண்டும். பத்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கே தவறினோம் என்று ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நமக்கென்ன, நாம கிறிஸ்தவங்க" என்றார் லாகோஸ் சித்தப்பா. "எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்ல. ஊர் என்ன சொல்லும்னுதான்."

"எனக்கும் ஒண்ணுமில்லப்பா. ஆனா பங்காளிங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் இன்னொருவர்.

"பங்காளின்னா யாரு, நீயுந்தான?"

"நான் என்னைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

அப்பா நாற்பது வருஷம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். மகளைக் கணக்குப் படிக்க வைத்ததற்காகச் சண்டை போட்டவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. ஆனா நாளைக்கு கம்சியை யார் கட்டுவா? தங்கச்சியை நெனச்சுப் பாரும்மா."

"என் பேரை ஏன் இழுக்கறீங்க?" என்று சமையலறையிலிருந்து கம்சியின் குரல் வந்தது. யாரோ அவளை அடக்கினார்கள்.

நான்கு மணிக்குள் இந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் லோட்டன்னாவின் வீட்டுக்கு நேரில் போய், முறைப்படி பெண் கேட்கக் கள்ளோடு வரலாம் என்று சொல்ல வேண்டும். யாரும் போகவில்லை என்றால் அதுவே பதில். வேண்டாம் என்று சொல்லும் பழியைக்கூட எவரும் சுமக்க வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

உசோமா கூடத்துக்குள் வந்தாள்.

"யாருக்குமே ஒண்ணுமில்லன்னு சொல்றீங்க. அப்ப எழுதிக் குடுங்க. பேர் வேண்டாம்." பகடையை மேஜையில் வைத்து விதியைச் சொன்னாள்.

"கல்யாணப் பேச்சுல லூடோவா!" என்று சிரித்தார் லாகோஸ் சித்தப்பா. "ஆறு விழுந்தா காயை வெளிய எடுக்கலாமா, தாயி?"

"எடுக்கலாம் சித்தப்பா. என்னைத்தான் வெளிய எடுக்கணும்."

கூடம் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச பொண்ணு ஆசைப்படுது, போட்டுத் தொலைங்க" என்றார். யாருடைய பெயரும் வெளிவராது என்பதால்தான் அவரும் எழுந்தார்.

ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போனார்கள். கதவுக்குப் பின்னால் பகடை உருளும் சத்தம், பிறகு நிசப்தம், பிறகு பால் டப்பாவுக்குள் சீட்டு விழும் சத்தம். சிலர் சட்டென்று வந்தார்கள். ஒருவர் நெடுநேரம் உள்ளேயே இருந்தார். அப்பா போகும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார், வரும்போதும் துடைத்துக்கொண்டே வந்தார். உசோமாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னல் வரைக்கும் போனாள், வந்தாள், தட்டிலிருந்த கோலாவை எண்ணினாள், மறுபடி போனாள்.

டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள்.

எல்லாருக்கும் ஆட்சேபணை இருந்தால் பதினான்கும் 'உண்டு' என்று இருக்க வேண்டும். ஒருவருக்குமே இல்லாவிட்டாலும் பகடையின் கட்டாயத்தில் ஏழு சீட்டு 'உண்டு' என்று வரலாம். வந்தது ஆறு. மீதி எட்டிலும் 'இல்லை.'

பழக்கத்தில் மனம் சூத்திரத்தைப் போட்டுவிட்டது. ஆறிலிருந்து பகடையின் பங்கான ஏழைக் கழித்ததும் விடை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. சின்னக் கணக்குகளில் அப்படி நேர்வதுண்டு. வகுப்பில் டாக்டர் அனிக்போ, "கீழே போனால் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு மேலே நடங்கள்" என்பார். உசோமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பதினாலு பேரை வச்சுப் பெருசா எதுவும் சொல்ல முடியாது" என்றாள். "ஆனா ஒண்ணு நிச்சயம். 'இல்ல'ன்னு எழுதச் சொல்லிப் பகடை யாரையும் கட்டாயப்படுத்தாது. இந்த எட்டு பேரும் தங்க மனசைத்தான் எழுதியிருக்காங்க. பாதிக்கு மேல. எழுந்து என்கூட வாங்க, போதும்."

பெரியப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாருப்பா அந்த எட்டு பேரு? எழுந்திரிங்க பாக்கலாம்."

ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. லாகோஸ் சித்தப்பா கூரையிலிருந்த விசிறியைப் பார்த்தார், அது ஓடவில்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "எட்டுன்ற, ஒருத்தரும் இல்ல."

உசோமா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, நீங்க என்ன எழுதினீங்க? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கக்கூடாது. கேட்கமாட்டேன் என்ற வாக்கில்தான் அறுநூறு வீடுகள் அவளுக்குக் கதவைத் திறந்தன. அந்த எட்டு பேரைக் காப்பாற்றும் அதே மறைவுதான் அவர்களை உட்கார வைத்திருக்கிறது. சிவப்பு மைக் கேள்விக்கான பதில் அவள் கண் முன்னே வரிசையாக நாற்காலிகளில் இருந்தது. தரவில் தவறில்லை. தடுப்பதற்கு யாரும் தேவையில்லை, எழாமல் இருந்தாலே போதும்.

ஒரு முழுத் தாளை எடுத்தாள். பகடையைத் தொடவில்லை. 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் எழுதி, கோலாத் தட்டின் மேல் வைத்தாள்.

"தாயி, இது சரியில்ல" என்று யாரோ சொன்னார்கள்.

வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். கைகளில் இடித்த கிழங்கு ஒட்டியிருந்தது. இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னை யாரும் கேக்கலையே" என்றாள். "பேனாவைக் குடு."

"ஓயிரிதியா!" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் அப்பா.

"பகடை வேணுமாம்மா?" என்றாள் உசோமா.

"அது எதுக்கு எனக்கு?"

கொட்டை கொட்டையாகத் தன் பெயரை எழுதினாள் அம்மா. பிறகு பேனாவைத் தாளின் மேல் வைத்து, தட்டை அப்படியே பக்கத்து நாற்காலிக்காரர் கையில் கொடுத்தாள். கோலாத் தட்டு என்றால் கை மாறிக்கொண்டே போய் வீட்டுக்காரரிடம் திரும்ப வேண்டும். நீட்டினால் வாங்காமல் இருக்கப் பங்காளிகளின் கைகளுக்குத் தெரியாது. வாங்கினார்கள், ஒரு கணம் பார்த்தார்கள், அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். லாகோஸ் சித்தப்பாவின் விரல் பேனாவில் பட்டது. பேனா கொஞ்சம் உருண்டது, அவ்வளவுதான்.

தட்டு அப்பாவின் மடிக்கு வந்து சேர்ந்தது. போனபோது இரண்டு பெயர்கள். வந்தபோதும் இரண்டு பெயர்கள்.

அப்பா தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மணி மூன்றேகால். அம்மா உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைத் தலைத்துணியை எடுத்து வந்து, சுவர்க் கண்ணாடி முன் நின்று இறுக்கிக் கட்டினாள். கம்சி ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் பெரியப்பா.

"சம்பந்தி வீட்டுக்கு" என்றாள் அம்மா. "இங்கதான் யாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே, மச்சான். அதைப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."