இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு மார்க்

எங்கள் ரசிகர் சங்கத்தில் மொத்தம் நான்கு பேர். கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் ஒரு கிட்டார்காரரைப் பற்றி எட்டுப் பதிவேடுகள் எழுதி வைத்திருந்தோம். எழுதியவன் நான்.

அந்தப் பாட்டுக்காரர் ஐந்தே ஐந்து இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டுச் செத்துப்போனவர். ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டுப் பாணி. பாட்டும் மெட்டும் அவருடையவை. இடது கைச் சுண்டுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு, கம்பிகளின்மேல் இழுத்து இழுத்து வாசிப்பார். கிட்டார் விசும்பும்போது அவர் வாயை மூடிக்கொள்வார். அவர் பாடும்போது கிட்டார் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மரியாதை எங்கள் சங்கத்தில் கிடையாது. நான்கு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசுவோம்.

தலைவர் பல் டாக்டர். பாட்டுக்காரரை 'குரு' என்றுதான் சொல்வார். அந்தக் குருவை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, பார்த்திருக்கிறார். அடுத்தவர் ஆடிட்டர். எதற்கும் முழு மார்க் போட மாட்டார். கால், அரை, முக்கால் என்று நறுக்கித்தான் போடுவார். மூன்றாமவர் கண்ணாடிக் கடைக்காரர். கடைக்கு மேலே இருந்த காலி அறையை எங்களுக்குக் கொடுத்தவர். கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் சாய்வார். நான் செயலாளர். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கடிதப் பிரிவில் இருந்தவன். தேதி, பார்வை, பொருள் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கூடுவோம். வேலை ஒன்றே ஒன்று: ஐந்து தட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. இப்படியே பதினொரு வருடம். உலகத்தில் வேறு எவருக்கும் இந்த மார்க்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இவ்வளவு சண்டை.

முதல் தட்டின் இரண்டாம் பக்கம் எல்லாவற்றுக்கும் உச்சி. டாக்டர் பத்து, கடைக்காரர் பத்து, ஆடிட்டர் ஒன்பதே முக்கால். "குரு அழுத பக்கம்" என்பார் டாக்டர். ஐந்தாம் தட்டு குப்பை. அதிலும் அதன் இரண்டாம் பக்கத்துக்கு டாக்டர் இரண்டு, ஆடிட்டர் இரண்டே கால், கடைக்காரர் இரண்டு. காரணமும் டாக்டர் சொல்வார். "நடுவுல அந்தப் பொண்ணு குரல் வந்து ப்ளூஸையே கெடுத்துடுச்சு." பதினொரு வருடமாக அதே வாக்கியம், அதே முகச்சுளிப்பு. அந்த வாக்கியம் ஒரு பழைய வாரப் பத்திரிகையில் அப்படியே இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பொண்ணு என் அக்கா.

ஒலிப்பதிவுக் கூடத்தின் முன் அறையில் அவள் டைப்பிஸ்டாக இருந்தாள். கூடப் பாட வேண்டியவள் அன்று வரவில்லை. பாட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, டைப் அடித்துக்கொண்டே முனகுவது யார் என்று கேட்டாராம். உள்ளே கூட்டிப்போய் இரண்டு வரியை நான்கு தடவை பாடவைத்தார்கள். ஐந்தாம் தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. அவள் வாழ்க்கையில் பதிவான பாட்டு அவ்வளவுதான். அடுத்த வாரம் அட்டையில் போட வேண்டிய பெயர்ப் பட்டியலையும் அவளேதான் டைப் அடித்தாள். வண்டி ஓட்டினவன் பெயர் வரைக்கும் அடித்தாள். தன் பெயரை அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் சொல்லலையே, நானா எப்படி அடிக்கிறது?" என்பாள்.

அவள் பெயரை அட்டையில் சேர்க்கச் சொல்லி நான் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பதினான்கு கடிதம் எழுதினேன். பதினைந்தாவதற்கு முன்னால் பதில் வந்தது. தட்டுகளை மறுபடி வெளியிடப் போகிறார்கள், ஆனால் நான்குதான். ஒன்றை விட்டுவிடுவார்கள். எதை விடுவது என்பதற்கு ரசிகர் சங்கத்தின் தரவரிசையையே எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் தட்டு வெளிவருமானால் அம்மையாரின் பெயர் அட்டையில் சேர்க்கப்படும்.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றாள் அக்கா. அவளுக்கு அறுபத்தாறு வயது. நான்கு நாள் கழித்து, பெயர் அட்டையின் முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டாள். அதற்கு மறுநாள், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டாள்.

தரவரிசையை முடிவு செய்கிற ஞாயிற்றுக்கிழமை நான் அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். ஐந்தாம் தட்டின் இரண்டாம் பக்கத்தை இவர்கள் காதில் இன்னொரு தடவை போட்டு, பிறகு வாதாடலாம் என்று திட்டம். அக்காவின் சொந்தத் தட்டையும் பையில் எடுத்துப் போயிருந்தேன், சங்கத்துத் தட்டில் கீறல் இருந்தால் உதவும் என்று. சங்கத்துத் தட்டு டாக்டர் கொடுத்தது. வெளியான அன்றே வரிசையில் நின்று வாங்கியதாக மாதம் ஒரு முறையாவது சொல்வார். தட்டை ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வந்துதான் மார்க் போடுவது வழக்கம். அதில் அந்தப் பக்கத்தை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் அக்கா வீட்டில் கிடைக்கிறதே.

முள்ளை வைத்தேன். ஐந்தாம் தட்டு வரவில்லை. முதல் தட்டின் இரண்டாம் பக்கம் பாடியது.

எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஐந்தாம் தட்டு, இரண்டாம் பக்கம் என்றுதான் சொன்னது. திருப்பிப் போட்டேன். முதல் பக்கம் சரியாக இருந்தது. தொழிற்சாலையில் அச்சு மாறியிருக்கிறது. குரு அழுத பக்கத்துக்குத்தான் இத்தனை வருடமும் இரண்டு, இரண்டே கால், இரண்டு என்று போட்டிருக்கிறார்கள். அதாவது மூன்று பேரில் ஒருவரும் ஒருநாளும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் மார்க் போடக்கூடாது என்பது சங்கத்தின் நான்காம் விதி. மூவரும் கையெழுத்திட்டது.

அவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. முள்ளை மறுபடி இரண்டாம் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர் வாசலிலேயே நின்று கண்ணை மூடினார். காலையிலேயே நல்ல காரியம் செய்தீர்கள் என்று என்னைப் பாராட்டினார். ஆடிட்டர் தொடையில் தாளம் போட்டார், தப்பாக. இந்த ஒரு பக்கத்துக்காகவே குரு பிறந்தார் என்றார் டாக்டர். கடைக்காரர் ஆமாம் என்றார். பாட்டு முடியும்வரை விட்டேன். பிறகு தட்டை எடுத்து, நடுக் காகிதம் தெரியும்படி மேசைமேல் வைத்தேன். பக்கத்திலேயே பதிவேட்டைத் திறந்து, நான்காம் விதியையும் அவர்கள் மார்க்கையும் காட்டினேன்.

மூன்று பேரும் பதிவேட்டின்மேல் குனிந்து நின்றார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் மனிதர்களுடைய கடிதங்களைப் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

டாக்டர் தட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி அச்சு மாறினது உலகத்துல எத்தனை இருக்கும்?"

"ரெண்டோ மூணோ. அதுக்கு மேல இருக்காது" என்றார் ஆடிட்டர்.

"நம்மகிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான். மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் நின்று போட்டோ எடுத்தார்கள். இப்படி ஒரு அபூர்வம் கையில் இருக்கும்போது ஐந்தாம் தட்டைக் கடைசியில் வைத்தால் சங்கத்துக்கு என்ன மதிப்பு என்று ஆடிட்டர் கேட்டார். முதலிடம் என்றார் டாக்டர். பத்துக்குப் பத்து என்றார் கடைக்காரர். ஆடிட்டரே அன்று முழு மார்க் போட்டார்.

நான் பையிலிருந்து அக்காவின் தட்டை எடுத்தேன். உண்மையான இரண்டாம் பக்கம் இதில் இருக்கிறது, பதினெட்டு நிமிடம்தான், இப்போதாவது கேட்டுவிட்டு மார்க் போடுங்கள் என்றேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர், போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுல பாடினது எங்க அக்கா, டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அது வேறு.

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மார்க் சேத்துப் போட்டிருப்போமே சார்."

அக்காவின் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அவள் வீட்டில் பழைய டைப்ரைட்டர் இன்னும் வேலை செய்கிறது. சங்கத்தின் கடிதங்களை அவள்தான் அடித்துத் தருவாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். டாக்டர் தொடையில் தாளம் போட்டதாக ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டு, இல்லை, ஆடிட்டர் என்று திருத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

"கடைசியில என் பாட்டக் கேட்டாங்களா, இல்லையா?"

"இல்லக்கா."

"கேக்காமத்தான் ரெண்டு போட்டாங்க, இப்ப கேக்காமத்தான் பத்தா?"

ஆமாம் என்றேன். அந்த மூன்று பேரைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். நன்றாகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள். அதற்குள் அவள் கேட்டாள்.

"நீ எவ்வளவு போட்டே?"

பதிவேட்டில் நான்காவது பத்தி என்னுடையது. அவளுக்கு அது தெரியும் என்று நான் நினைத்ததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டை நான் இருநூறு தடவைக்குக் குறையாமல் கேட்டவன்.

"அஞ்சு" என்றேன். "நம்ம ஆளுன்னு அதிகம் போட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்."

"அவங்களுக்குத்தான் நான் யாருன்னே தெரியாதே."

அவள் காகிதத்தை உருளையில் செருகி, தேதி, பார்வை, பொருள் எல்லாம் என்னைக் கேட்காமலே அடித்தாள். ஐந்தாம் தட்டு, முதலிடம். அதற்குக் கீழே மற்ற நான்கு. பிறகு ஒரு வரி இடம் விட்டு, ஐந்தாம் தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு, உடன் பாடியவர் என்று அடித்துத் தன் பெயரை முழுதாக, தகப்பனார் பெயரோடு அடித்தாள். அடியில் ஒரு கோடும் இழுத்தாள். அதை அடிக்கச் சொல்லி இந்தத் தடவையும் யாரும் சொல்லவில்லை.

காகிதத்தை உருவி என் முன்னால் வைத்தாள்.

"செயலாளர்னு கையெழுத்த மட்டும் போடு. மார்க் ஒண்ணும் போட வேண்டாம்."